கத்திரி வெயிலில் மூன்று நாள்: ஒரகடத்துக்குப் போன டெல்டா தம்பதி

விவசாயிக்கு லீவு கிடைக்கிற மாதமும் வெயில் கொளுத்துகிற மாதமும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்பு மாசிக்குள் முடிகிறது. உளுந்து, பயறு எடுத்து அடித்து மூட்டை கட்டச் சித்திரை வந்துவிடும். ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து நாற்றங்கால் வேலை தொடங்குவதற்கு முன்னால் கையில் இருப்பது மே மாதம் மட்டும்தான். அந்த மே மாதத்தில்தான் 4-ம் தேதி வாக்கில் கத்திரி பிறந்து 28 வரை நிற்கிறது.

திருவாரூர் மாவட்டத்தில் ஆறு மா நிலமும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கும் ஒரு தம்பதி அந்த மே மாதத்தில் மூன்று நாள் வெளியூர் போய்வர முடிவு செய்தார்கள். கல்யாணமாகி 26 வருடம். சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்ற மூன்று காரணம் இல்லாமல் இருவரும் சேர்ந்து வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஊட்டி, கொடைக்கானல் பேச்சு வந்தது. அந்தம்மா தலையாட்டவில்லை.

“ஏங்க, மலை எங்க போயிடப் போவுது? பாப்பாவைப் பார்த்து எட்டு மாசம் ஆச்சு. அவ இருக்கிற ஊரைப் பார்ப்போம்.”

மகள் இருப்பது ஒரகடம். தொழிற்சாலையில் வேலை. தமிழ்நாட்டின் எந்த டெல்டா கிராமத்தைக் கேட்டாலும், தென்மாவட்டக் கிராமத்தைக் கேட்டாலும், ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஒரு பிள்ளை வேலை பார்க்கும் வீடு இருக்கும். அதனால் இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை.

பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் மனைவியிடம் பாதிதான் சொல்லியிருந்தார். ஊரில் ஒரு மனை புரோக்கர் மூன்று மாதமாக விடாமல் பேசிக்கொண்டிருந்தார். “மூணு மாவை வித்துட்டு ஒரகடத்துல ஒரு மனையைப் போடுங்க. பொண்ணு அங்கதானே இருக்கு? பத்து வருஷத்துல எங்கேயோ போயிடும்” என்பது அவர் பேச்சு. போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இவர் சொல்லியிருந்தார்.

கிளம்புவதற்கு முன்

முதல் கேள்வி மாடு. கறவை மாடு இருக்கும் வீட்டில் பயணத் திட்டம் தொழுவத்தில்தான் தொடங்கும். ஓரகத்தி வீட்டில் ஒப்படைத்தார்கள். மூன்று நாள் பாலும் அவர்களுக்கே. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே காலையும் மாலையும் ஓரகத்தியே கறக்க ஆரம்பித்தார். ஆள் மாறினால் பாலை அடக்கிக்கொள்ளும் மாடு ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

இரண்டாவது தேதி. மகளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அவளுக்குக் காலை ஷிஃப்ட் வரும் வாரத்தின் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தால் அன்று மாலையும் ஞாயிறு முழுவதும் அவளோடு இருக்கலாம். மே 21-ஐ ஒட்டி வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். 1991-ல் அந்தத் தேதியில்தான் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். ஒவ்வொரு வருடமும் அன்று நினைவிடத்துக்குத் தலைவர்கள் வருவதால் கூட்டமும் போலீஸ் கெடுபிடியும் இருக்கும்.

மூன்றாவது ரயில். மன்னார்குடியில் இருந்து இரவில் கிளம்பும் மன்னை எக்ஸ்பிரஸ் விடியலில் செங்கல்பட்டைத் தொடும். சென்னை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கு ஒதுக்கீடு உண்டு. வயதைச் சரியாகக் குறிப்பிட்டால் போதும்.

நான்காவது தங்குமிடம். மகள் இன்னும் நான்கு பெண்களோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். அங்கே தங்க முடியாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் இரண்டு இடத்திலும் லாட்ஜுகள் நிறைய உண்டு. கம்பெனி வேலையாக வருபவர்களை நம்பி நடப்பவை என்பதால் வார நாட்களில் நிரம்பியும் வார இறுதியில் சற்றுக் காலியாகவும் இருக்கும். மகள் நேரில் போய்ப் பார்த்து ஒன்றைப் பிடித்தாள். அவளுடைய கேள்விகள் இரண்டே: மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஃபேனுக்கு வருமா?

நம்மூர் வெயிலும் அங்கத்து வெயிலும்

“வயல்ல நிக்கிறவனுக்கு என்ன வெயில்?” என்றுதான் அவரும் நினைத்தார். சென்னை வட்டாரத்து வெயிலின் குணத்தை மகள் போனில் சொன்னாள். அங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும்.

ஈரக்காற்று அடிக்கும் நாளில் களத்தில் கொட்டிய நெல் காயாது. அன்று மண்பானைத் தண்ணீரும் சரியாகக் குளிராது. பானையின் மேல் கசியும் ஈரம் காற்றில் காய்ந்தால்தானே உள்ளே குளிர்ச்சி? மனித உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை காய்ந்தால்தான் சூடு இறங்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. ஆகவே வறண்ட ஊரின் 40 டிகிரியைவிடப் புழுக்கமான ஊரின் 37 டிகிரி உடம்பைச் சோர வைத்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் கடலில் இருந்து சுமார் 40 கி.மீ. உள்ளே இருக்கிறது. சென்னைக் கரையில் நண்பகலை ஒட்டித் தொடங்கும் கடல்காற்று இங்கே வந்து சேரச் சாயங்காலம் ஆகும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அதுவும் தாமதமாகும். அந்த மாதிரி நாட்களில்தான் வெயில் உச்சம் தொடும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. போதாக்குறைக்கு மரமும் வயலும் இருந்த இடத்தில் தாரும் கான்கிரீட்டும் வந்துவிட்டதால், பகலில் குடித்த சூட்டை அவை ராத்திரியில்தான் கக்கும். கடல்காற்றும் மேல்காற்றும் மோதும் சில மாலைகளில் இடி மழை கொட்டுவது மட்டும் ஆறுதல்.

இதையெல்லாம் வைத்துத் திட்டம் ஒரே விதியில் நின்றது. காலை 10 மணிக்குமேல் மாலை 4 மணி வரை வெளியே தலைகாட்டுவதில்லை. கோயில்களும் பெரும்பாலும் பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி மாலை 4 மணிக்குமேல் திறப்பதால் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதல் நாள்: சிங்கப்பெருமாள்கோவில், வல்லக்கோட்டை

செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள்கோவில் போனார்கள். பாடலாத்ரி நரசிம்மர் கோயில் பல்லவர் காலத்துக் குடைவரை. மலையைக் குடைந்து கருவறை ஆக்கியிருப்பதால் சுவாமியை வலம்வர வேண்டும் என்றால் மலையையே சுற்ற வேண்டும். அர்ச்சகர் நாமத்தை விலக்கி ஆரத்தி காட்டும்போது நெற்றிக்கண் தெரியும். காலையில் போனதால் பாறையில் கால் வைக்க முடிந்தது. பதினொரு மணிக்குப் போயிருந்தால் வெறுங்காலில் சுற்ற முடியாது.

அங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 25 கி.மீ. சாலை. இந்தச் சாலையைச் சுற்றித்தான் ஒரகடம், வல்லம்-வடகால், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகங்கள் இருக்கின்றன. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. “நான் ஓசி, நீங்க காசு” என்று அந்தம்மா சிரித்தது அந்தப் பயணத்தின் முதல் சிரிப்பு.

பஸ் ஜன்னலில் கம்பெனிப் பெயர்கள் வரிசையாக வந்தன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் இருந்து முதல் சான்ட்ரோ கார் 1998-ல் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை 2010-ல் திறந்தது. பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், அப்போலோ டயர் எல்லாம் இதே வட்டாரம்தான். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வல்லம்-வடகாலில் மட்டும் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. டெல்டாவில் பல கிராமங்களின் மொத்த ஜனத்தொகையே அதில் ஒரு மூலைக்குக் காணாது.

பகல் முழுக்க அறையில் தூக்கம். வேலை முடிந்து மகள் வந்ததும் மூவரும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனார்கள். அருணகிரிநாதர் பாடிய தலம். மூலவர் ஏழு அடி உயரம். அண்ணாந்து பார்த்துக் கும்பிட வேண்டும். கோயிலில் இருந்து திரும்பும்போது ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சாலையை அடைத்துவிட்டன. அரை மணி நேரம் ரோட்டைக் கடக்க முடியவில்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலோரம் தலைசாய்த்துத் தூங்கும் பிள்ளைகள். அந்தம்மா எண்ணிக்கொண்டே வந்தார். முப்பதுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டார்.

இரண்டாம் நாள்: உடையவர் ஊர், ஏரிக்கரை

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில். 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. இங்கே உள்ள அவர் திருமேனியைத் ‘தானுகந்த திருமேனி’ என்பார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே செய்து, அவரே தழுவி மகிழ்ந்தது என்பது நம்பிக்கை. சித்திரைத் திருவாதிரை உற்சவத்தின்போது வந்தால் ஊரே நிறைந்திருக்கும். மே நடுவில் அமைதியாக இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்து ராஜீவ் காந்தி நினைவிடத்தையும் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பினார்கள். வழியில் கொரிய எழுத்தில் பலகை வைத்த ஹோட்டல்களைப் பார்த்து அவர், “இங்க இட்லி கிடைக்குமா பாப்பா?” என்றார். கிடைத்தது, இரண்டு கடை தள்ளி.

மாலை ஐந்து மணிக்கு மனை கம்பெனி வேன் வந்தது. போக்குவரத்து இலவசம், டீ, பிஸ்கட் இலவசம். தார்ச்சாலை போட்டு, நாலு மூலையிலும் கொடி நட்டு, வாசலில் வளைவு கட்டிய மனைப்பிரிவு. இடம் மேடாக, காய்ந்து, பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் மனையின் அளவையும் வாஸ்துவையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் மெதுவாகப் பின்பக்கம் நடந்தார்.

இருநூறு அடி தள்ளி ஓர் ஏரிக்கரை. கரையில் கருங்கல் மடை ஒன்று அப்படியே இருந்தது. நாற்பது வருடம் மடை திறந்து அடைத்த கை அவருடையது. கல்லைத் தடவிப் பார்த்தார். மடையில் இருந்து இறங்கும் வாய்க்கால் பத்தடி ஓடி, மனைப்பிரிவின் மதில் சுவரில் முட்டி நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வயல் இல்லை. நேற்றுவரை ஆயக்கட்டாக இருந்த இடத்தில்தான் கொடி நட்டிருக்கிறார்கள்.

காஞ்சிபுரம் ஏரி மாவட்டம். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். இந்த வட்டாரத்துத் தண்ணீரில் ஒரு பகுதி 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. மணிமங்கலம் என்றால் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த அதே மணிமங்கலம். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலாக மனிதர்கள் நெல் விதைத்துச் சண்டையும் போட்ட பூமி. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் அடையாற்றங்கரை முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது இந்த ஏரிகள் வழிந்துதான். வயல் இருக்கும்போது அது தண்ணீரைத் தாங்கும். வீடு தாங்காது.

மகளிடம் கேட்டார்: “இந்த எடத்துல ஒரு வீடு கட்டுனா நீ இருப்பியா?”

“நான் காண்ட்ராக்ட்லதான்பா இருக்கேன். அடுத்த வருஷம் இங்க இருப்பேனா, ஓசூர்ல இருப்பேனான்னு எனக்கே தெரியாது. எனக்காகன்னு நெலத்தை விக்காதீங்க.”

அந்தம்மாவுக்கு அப்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது. “மூணு மாவா?” என்று மட்டும் கேட்டார். திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. அறைக்கு வந்தபின்தான், “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல” என்றார். சொல்லியிருக்க வேண்டும்தான். அவரிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள்: காஞ்சிபுரம், இருவர் மட்டும்

திங்கள் விடியலில் மகள் வேலைக்குப் போய்விட்டாள். மூன்று நாளில் தம்பதி இருவர் மட்டும் தனியாக இருந்த நாள் இதுதான். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சுங்குவார்சத்திரம் வழியாகக் காஞ்சிபுரம் சுமார் 35 கி.மீ. முதல் பஸ்ஸிலேயே ஏறினார்கள்.

வரதராஜப் பெருமாள், ஏகாம்பரநாதர், காமாட்சி மூன்றையும் ஒரே காலையில் பார்க்க வேண்டும் என்று ஓடுபவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். இவர்கள் வரதராஜரை மட்டும் பார்த்தார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவித்த கோயில் இட்லியைத் தேடிப்பிடித்துச் சாப்பிட்டார்கள். பட்டுக்கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்ற ஆட்டோவில் ஏறவில்லை. பகலை அறை எடுத்துக் கழித்துவிட்டு மாலையில் கைலாசநாதர் கோயில் போனார்கள்.

ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருடம் ஆகிறது. மணற்கல் கோயில். சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். ஊரின் மேற்குக் கோடியில் இருப்பதால் கூட்டம் குறைவு. புல்தரை, வேப்ப மரம், சாயங்காலக் காற்று. அந்தம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண்டப நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் அவர் இப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“இனிமே வருஷா வருஷம் மூணு நாள்” என்றார் அவர்.

“மொதல்ல நெலம் இருக்கட்டும்” என்றார் அந்தம்மா. கோபம் பாதி தணிந்திருந்தது.

காஞ்சிபுரத்தில் இருந்து செங்கல்பட்டு வந்து இரவு ரயில் பிடித்தார்கள். மறுநாள் புரோக்கர் வீட்டு வாசலில் நின்றார். “எடம் பிடிச்சிருக்காண்ணே?” என்று கேட்டார்.

“பிடிச்சிருக்கு. ஆனா மே மாசத்துல ஏரியும் மைதானம் மாதிரிதான் இருக்கும். ஐப்பசி அடைமழையில ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, பேசுவோம்” என்றார் இவர். சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் தூர் எடுக்கக் கிளம்பினார். ஜூன் 12-க்கு மூன்று வாரம்தான் இருந்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு

* தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தால் வீட்டு உப்பு-சர்க்கரைக் கரைசல் தயார். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிளம்புமுன் டாக்டரைக் கேட்கவும்.

* பேச்சு குழறுவது, நினைவு தடுமாறுவது, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது ஆகியவை வெப்பவாதத்தின் அறிகுறி. நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்கவும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

* வெளிர் நிறப் பருத்தித் துணி, துண்டு, குடை. செருப்பைக் கழற்றும் இடங்களுக்குக் காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலையில் போகவும்.

* ஷிஃப்ட் மாறும் நேரங்களில் ஒரகடம் சாலையில் பயணத்தைத் தவிர்க்கவும். பிள்ளைகளிடம் கேட்டால் சரியான நேரம் சொல்வார்கள்.

* மனை பார்க்கப் போனால் டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம், ரெரா பதிவு எண், வில்லங்கச் சான்று, பட்டா நான்கையும் கேட்கவும். கிராம வரைபடத்தில் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு எங்கே என்று பார்க்கவும். அங்கேயே முன்பணம் கொடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்கவும்.

* முக்கியமாக, நிலத்தைப் பற்றிய முடிவை வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டுக் கிளம்பவும்.